எடுத்தாச்சுங்

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் சுகிர்தா பேரிங் கூட்டின் மேல் நான்கு விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு இருந்தது, பயப்படும்படி இல்லை, பக்கத்தில் தொங்கிய கருவியும் அதையேதான் சொன்னது, ஆனாலும் தன் கையால் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். புது வேக்குவம் ப்ளோயர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உடுமலைப் பக்கத்தில் பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்துத் திரும்பவும் அட்டை செய்கிற அந்த மில்லில், ஈரத் தாளிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்க இதுவரை நாலு பம்புகள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு இந்த ஒற்றை ஆளை உட்கார வைத்திருந்தாள் அவள். அடித்தளம் மட்டம் பார்த்து, மோட்டாரும் ப்ளோயரும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று முடியிழை அளவுக்குச் சரிபார்த்து, குழாய்களின் பாரம் இயந்திரத்தின் மேல் இறங்காதபடி ரப்பர் இணைப்பு கொடுத்து, எல்லாம் ஆயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, நிற்பதுதான் வேலை. சூடு ஏறி ஒரு இடத்தில் நிலைக்க வேண்டும். அதுவரை உறிஞ்சு குழாயின் வால்வு ஒரு கீற்றுதான் திறந்திருக்கும். நிலைத்ததும் முதலாளி திருமூர்த்தி தன் கையாலேயே வால்வை முழுக்கத் திறப்பார், கைதட்டல், லட்டு, சாயங்காலம் பஸ். கம்பெனியிலிருந்து தனியாக வந்து அவள் முடிக்கிற முதல் வேலை இது, ஒரு குறையும் இல்லாமல் முடிகிறது, பாடலாம் போலிருந்தது, இந்தச் சத்தத்தில் பாடினால் யாருக்குக் கேட்கப்போகிறது, பாடியும் பார்த்தாள், ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டு, முதல் அடிக்கு மேல் மறந்துவிட்டது. அம்மாவுக்கு இந்த இயந்திரத்தைப் புரியவைக்கப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஊதுற மெஷினாட்டி? இல்லம்மா, உறிஞ்சுற மெஷின். அப்பொறம் எதுக்கு ப்ளோயர்னு பேரு வச்சிருக்காவ? ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதும்மா. அப்போ ஒங்க அப்பா காப்பி குடிக்கிய மாதிரின்னு சொல்லு. அதற்கு மேல் எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. சிரித்துக்கொண்டே கையை அடுத்த பேரிங்குக்கு மாற்றினாள், அப்போதுதான், எந்தக் காரணமும் இல்லாமல், பொன்னாடை என்ற சொல் வந்து மனதில் உட்கார்ந்தது.

பொன்னாடை எங்கே? அறையில் இருக்கும். அறையில் பெட்டியைக் கட்டும்போது பார்க்கவில்லை. பார்க்காததால் இல்லையென்று ஆகுமா, சீப்பைக்கூடத்தான் பார்க்கவில்லை. வந்த அன்று மில் வாசலிலேயே திருமூர்த்தி அவளுக்கு அதைப் போர்த்தினார், அரக்கு நிறம், கையகலச் சரிகை, நைலான் வழுவழுப்பு. போட்டோ எடுக்க ஒருவர், கைதட்ட ஏழெட்டுப் பேர். நம்ம மில்லுக்கு வந்திருக்கற மொத லேடி இன்ஜினியருங், என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னபோது அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே புகைந்தது. இதற்குமுன் வந்த எந்த ஆம்பிளை இன்ஜினியருக்காவது போர்த்தினார்களா, வந்தவன் டீயைக் குடித்துவிட்டு ஸ்பேனரை எடுத்திருப்பான். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதவளுக்கு எதற்கு மரியாதை, வந்து நின்றதற்கா? நல்ல மனுஷர்தான், சந்தேகமே இல்லை, தினமும் வீட்டிலிருந்து அவளுக்குத் தயிர் கொடுத்தனுப்புகிறார், புளிக்காத தயிர். ஆனாலும் வேலை தொடங்குமுன்பே கிடைத்த மரியாதை கடன் வாங்கினதுபோல் தோளில் உறுத்தியது. பொன்னாடையை யாருமே என்ன செய்வதென்று தெரிந்து வாங்குவதில்லை. கட்டிக்கொள்ள முடியாது, துடைத்தால் தண்ணீர் ஒட்டாது, போர்த்தினால் வேர்க்கும். அவள் ஊரான சாயர்புரத்தில் அப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற வருஷம் வீட்டுக்கு வந்த பொன்னாடைகளை வைக்க இடமில்லாமல் அம்மா அவற்றை மெத்தை உறையாகத் தைத்துவிட்டாள், உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல வழுகித் தரைக்கு வந்தார்கள், போதகர் ஐயா ஜெபத்தின் நடுவிலேயே ஒரு முறை காணாமல் போனார். இதை நினைத்துச் சிரித்தால் ஆகாது, பொன்னாடை எங்கே என்று யோசி. யோசிக்கவே தேவையில்லாமல் தெரிந்துதான் இருந்தது. அதை அவள் குழாய்க்குள் வைத்தாள்.

வைத்தாள், திணித்தாள் என்றே சொல்லலாம். உறிஞ்சு குழாயை இன்னும் ரப்பர் இணைப்பில் மாட்டாத நேரம், மேலே யாரோ கிரைண்டர் வைத்துப் பொறி பறக்கவிட்டார்கள், கீழே பூஜைக்காகத் தரையைப் பெருக்கினார்கள், குழாயின் வாயோ பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. அதை மூடக் கம்பெனி கொடுத்த தகட்டைக் காணோம், தேடிப் போனால் அது குடிதண்ணீர்க் குடத்தின் மேல் இருந்தது, அதன் மேல் டம்ளர் வேறு. எடுத்தால் குடிக்க வந்தவர்கள் வைவார்கள். தோள்பையில் கைவிட்டால் முதலில் வந்தது அந்தப் பொன்னாடை. பஞ்சு உதிராத துணி, சுத்தமான துணி, இதைவிட வேறென்ன வேண்டும் என்று சுருட்டி உள்ளே செருகினாள், கை முட்டி வரைக்கும் போகிற ஆழத்துக்கு. தேவைக்காகத்தான் செருகினாளா, இல்லை உள்ளூர ஒரு குறும்பா, போர்த்தின மரியாதைக்கு இதுதான் இடம் என்கிற மாதிரி? கொஞ்சம் குறும்பும்தான். அதற்குப் பிறகு அவள் மோட்டார் பக்கம் போனாள், குழாயை மாட்டியது மில்லின் ஃபோர்மேன் மாரப்பன். மாட்டும்போது அவர் எடுத்திருப்பார். எடுத்திருப்பார்தானே, கண் தெரியாதவரா? ஆழமாக அல்லவா செருகியிருந்தாள், அந்த மூலையில் வெளிச்சம் வேறு கம்மி. பரவாயில்லை, காலையில் கேட்டோமே, கேட்டது நன்றாக நினைவிருக்கிறது, ஓட்டுவதற்குச் சற்று முன்னால் கேட்டாள். கேட்டாள், எப்படிக் கேட்டாள்? முதலாளி பக்கத்திலேயே நின்றார். அவர் காது கேட்க, நீங்க போர்த்தின பொன்னாடையைக் குழாய்க்குள்ள திணிச்சிருக்கேன், அதை எடுத்தாச்சா என்றா கேட்க முடியும்? தாடையால் குழாய்ப் பக்கம் காட்டி, அண்ணாச்சி, அதை எடுத்தாச்சா, என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டி, அப்பவே எடுத்தாச்சுங், என்றார். அவ்வளவுதான், முடிந்தது, பொன்னாடை வெளியே இருக்கிறது. பேரிங் சூடு ஏறுவது நிதானப்பட்டிருக்கிறது, நல்லது.

எடுத்தாச்சுங். இந்த ஊரில் எடுப்பது என்றால் எடுப்பது மட்டும் இல்லையே! விரல்கள் தானாகப் பேரிங்கை விட்டு வந்தன. வேலை தொடங்கின புதிதில் மாரப்பன் வந்து, மோட்டார எடுத்து உட்றலாமுங்களா அம்மிணி, என்று கேட்டதும் அவள் அலறியே விட்டாள், ஏன் எடுக்கணும், நேத்துதானே தூக்கி வச்சோம், என்று. அவர் விழித்தார், அவளும் விழித்தாள். பிறகுதான் தெரிந்தது, இங்கே மோட்டாரை எடுத்துவிடுவது என்றால் ஓடவிடுவது. அவளுடைய ஊரில் மோட்டாரைப் போடுவார்கள், இங்கே எடுப்பார்கள், இரண்டு ஊரிலும் தண்ணீர் வரத்தான் செய்கிறது. அவள் அண்ணாச்சி என்றதற்கு அவர், நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன், என்று கேட்டதும் அன்றைக்குத்தான், இருவரும் அப்படிச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. காலையில் அவள் தாடையைக் காட்டிய திசையில் குழாய் இருந்தது, சரி. குழாய்க்கு அடியில் என்ன இருந்தது? காற்றோடு வருகிற தண்ணீரைப் பிரிக்கும் தொட்டி, அந்தத் தொட்டியின் காலடியில் ஒரு குட்டி மோட்டார். ப்ளோயரை ஓட்டுமுன் அந்தக் குட்டி மோட்டாரை எடுத்துவிட வேண்டும் என்று மாரப்பனுக்கு நூறு தடவை சொன்னது யார்? இவள்தான். அதை எடுத்தாச்சா? அப்பவே எடுத்தாச்சுங். ஐயோ, அந்த மனுஷர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் அது உள்ளே இருக்கிறது. அல்லது இல்லை. சல்லடை என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அது பிடித்துக்கொள்ளாதா? சல்லடை மேலே இருக்கிறது, துணி அதைத் தாண்டிக் கீழே, சல்லடைக்கும் வால்வுக்கும் நடுவில், திருடன் காவல்காரனைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். இப்போதைக்கு ஆபத்தில்லை, வால்வு கீற்றளவுதான் திறந்திருக்கிறது, துணி இருந்தால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முழுக்கத் திறந்தால் ஒரே இழுப்பு, உள்ளே சுழலும் இம்பெல்லர் தட்டுகளில் போய்ச் சுற்றிக்கொள்ளும், எடை ஒரு பக்கம் சாயும், ப்ளோயர் மூச்சு முட்டி உறுமும், பேரிங் போகும், தண்டு போகும், அப்புறம் எது போகாது. பழைய பம்புகளையும் கழற்றிப் போட்டாயிற்று. மில் நிற்கும், இத்தனை பேர் சும்மா உட்காருவார்கள். கம்பெனி மேனேஜர் திட்டுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவர் எப்படியும் திட்டுகிறவர், திட்டாத அன்று அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஒரு பொம்பளப் பிள்ளைய அனுப்பினா இப்பிடித்தான், என்று யாரோ ஒருவர் சொல்வார், திட்டாமல், பரிதாபமாகச் சொல்வார், அதைத்தான் தாங்க முடியாது. இனி எந்த ஊருக்கும் தனியாக அனுப்ப மாட்டார்கள். சரி, நிறுத்திப் பார்த்துவிடலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. உள்ளே இருந்தால் அசிங்கம், இல்லாவிட்டால் அதைவிட அசிங்கம், ஒன்றுமில்லாததற்கு நிறுத்தி, உங்கள் மரியாதையைக் குழாயில் அடைத்தேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் ஆவாள். முதலில் மாரப்பனிடம் கேட்கலாம். அவர் பேனல் பக்கம் நிற்கிறார், அவரை ஒட்டி நாற்காலி போட்டு முதலாளி. போய்க் காதோடு கேட்டால்? இந்தச் சத்தத்தில் காதோடு கேட்பதென்றால் கத்துவது. ஜாடை காட்டலாம். அவள் மாரப்பனின் கண்ணைப் பிடித்து, இரண்டு கைகளாலும் தோளைச் சுற்றித் துணி போர்த்துவதுபோல் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்தார். திரும்பவும் காட்டினாள், போர்த்தி, சுருட்டி, திணித்து. அவர் முகம் தெளிந்தது, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார், போய், ஸ்டாண்டில் சுழலும் பெரிய விசிறியை உருட்டி வந்து அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். வேர்க்குதுங்களா, சொல்லப்படாதுங்களா, என்று கத்தினார். அவள் அண்ணாச்சி என்று வாயெடுப்பதற்குள் முதலாளி கூப்பிட, ஓடிவிட்டார்.

விசிறிக் காற்றில் தலைமுடி கண்ணில் விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குழாயின் மேல் காதை வைத்துப் பார்த்தாள், சர் என்று காற்று, அதற்குள் ஒரு படபடப்பு, துணி அடித்துக்கொள்கிற படபடப்பு, இல்லை, அது அவளுடைய நெஞ்சு. அளவுமானியைப் பார்த்தாள், அது தேமே என்று நின்றது, வால்வுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அளவுமானிக்கு அந்தப் பக்கத்துக் கதை எப்படித் தெரியும். அதிர்வு சரி, மோட்டார் இழுக்கிற மின்சாரம் சரி, எல்லாம் சரியாக இருப்பதே இப்போது எரிச்சலாக இருந்தது, எங்கேயாவது ஒரு சின்னக் கோளாறு தென்பட்டால் அதைச் சாக்கு வைத்து நிறுத்தலாமே. பேரிங் சூடு கூடிவிட்டது என்று பொய் சொன்னால்? சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், குழாயை ஒற்றை ஆளாகக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் இந்தப் பேரிங்கா, எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது, அதன்மேல் போய்ப் பழி போடுவதா. ஓர் இரும்புத் துண்டுக்காக மனம் இளகுவதை நினைத்து அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. மாரப்பன் எடுத்திருப்பார். முப்பது வருஷ மில்காரர், குழாயை மாட்டுமுன் உள்ளே பார்க்காமல் மாட்டுவாரா? தாமே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள்தானே எல்லோரும், அது அப்படிப்பட்ட பயம்தான், அரக்கு நிறத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அரக்கு நிறம் என்று நினைத்ததும் குழாய்க்குள் இருட்டில் அது கிடப்பது பளிச்சென்று தெரிந்தது, சரிகை முனை வால்வின் இடுக்கில், ஒரு நாக்கு மாதிரி. விரல்களைப் பேரிங்கில் வைத்தாள். சூடு நிலைத்துவிட்டது. கருவியிலும் எண் அசையவில்லை. அவள் சொல்லவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த திருமூர்த்தி எழுந்துவிட்டார். வேட்டியை ஒரு தட்டு தட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து வால்வுச் சக்கரத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். போட்டோக்காரர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். திறக்கலாமுங்களா அம்மிணி, என்று வாயசைவில் தெரிந்தது. ம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவள் திரும்பி, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள்.

நிறுத்தினால் உடனே நிற்கிற சாதியா அது. மின்சாரம் போனதே தெரியாததுபோல் தன்பாட்டுக்குச் சுழன்று, சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, இறங்கி, எவ்வளவோ நேரம் எடுக்கும். முதலாளி சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் என்னாச்சு என்று கத்தினார். அவளும் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாள், சார், தப்பா எடுத்துக்காதீங்க, மூடித் தகடு கிடைக்கல, தூசி விழுந்திரும்னு ஒரு துணிய வச்சேன், அது உள்ள இருக்கோன்னு சந்தேகமா இருக்கு, அது வேற துணி இல்ல சார், அது வந்து, என்று இழுத்த நேரத்தில் சத்தம் இறங்கித் தொலைந்தது, நீங்க எனக்குப் போர்த்தின பொன்னாடை, என்ற சொற்கள் மட்டும் அமைதியான கூடத்தில் மைக் வைத்ததுபோல் எல்லார் காதிலும் விழுந்தன. போட்டோக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மாரப்பன், நான் அந்தச் சின்ன மோட்டாரையில்லீங் சொன்னேன், என்று தலையில் கை வைத்தார். அவள் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் ஆச்சரியமாக, நெஞ்சு லேசாகிவிட்டது. தண்டு அசையாமல் நின்றபின், மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அவளே ரப்பர் இணைப்பின் கவ்விகளைத் தளர்த்தினாள். கையை உள்ளே விட்டாள். முட்டி வரை போயிற்று, ஒன்றுமில்லை. தோள் வரை போயிற்று. வழுவழு என்று ஒன்று விரலில் பட்டது. இழுத்தாள், வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஈரமும் தூசியுமாக முழு நீளமும் வெளியே வந்து தரையில் குவிந்தது, கடைசியில் சரிகை முனை வால்வின் இடுக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு விடுபட்டது. சக்கரத்தை இரண்டே இரண்டு சுற்று திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

திருமூர்த்தி குனிந்து ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அவள் பயந்தாள், சிரித்துக்கொண்டிருந்தார். வெக்கத்த உட்டுச் சொல்றேன் அம்மிணி, என்றார், இது எனக்கு எங்க சங்கத்து விழாவுல போட்டதுங், கடைக்குப் போக நேரமில்லீன்னு பீரோவுல கெடந்தத எடுத்தாந்து உங்களுக்குப் போட்டுட்டேன், எனக்கு முன்னால யாருக்கெல்லாம் போட்டாங்களோ, ஊரெல்லாஞ் சுத்துன துணி, கடைசில மெஷினுக்குள்ளயும் போயிட்டு வந்திருச்சு. மாரப்பன் முதலில் சிரித்தார், அப்புறம் கூடமே சிரித்தது, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது, அதில் பாதி சிரிப்பு இல்லை. குழாயை விளக்கடித்துப் பார்த்து மாட்டினார்கள். ப்ளோயர் திரும்ப ஓடியது, திரும்பச் சூடு ஏறியது, திரும்ப நான்கு விரல், இந்த முறை மனம் எங்கேயும் போகவில்லை, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நினைத்தது. வால்வு திறந்தபோது சத்தம் கனத்து, தாள் இயந்திரத்தின் கம்பி வலை மேல் ஓடி வந்த அட்டைக் கூழில் தண்ணீரின் மினுக்கம் சட்டென்று பாதி வழியிலேயே அற்றுப்போய்த் தாள் மங்கலாகத் தெரிந்தது. பழைய பம்புகள் நாலும் சேர்ந்து மூச்சுப் பிடித்தாலும் இப்படி இழுத்ததில்லை. மாரப்பன் விசில் அடித்தார். முதலாளி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு கம்பியில் தொங்கிய பொன்னாடையைக் காட்டி, அலசி மடிச்சு வையி மாரப்பா, பொங்கலுக்குப் பட்டிமன்ற நடுவர் வர்றாரு, என்றார்.

அத குடுங்க சார், என்றாள் சுகிர்தா. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. வேற புதுசு வாங்கித் தர்றேன் அம்மிணி, இது எதுக்குங், என்றார் அவர். புதுசு வேண்டாம், இதுதான் வேணும், அது என்னோடது, அன்னைக்கு இல்ல, இன்னைக்குத்தான் என்னோடதாச்சு, என்றாள். திருமூர்த்தி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்ப் பொன்னாடையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து உதறினார், ஈரமும் தூசியும் தெறித்தன. போட்டோக்காரர் லட்டுப் பக்கம் போயிருந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. முதலாளி அதை அவள் தோளில் போர்த்தினார், கிரீஸ் கையோடு மாரப்பன் தட்டிய தட்டல் ப்ளோயர் சத்தத்தில் கேட்கவே இல்லை. பொன்னாடை ஈரமாக, கனமாக இருந்தது, சரிகை ஒரு முனையில் பிய்ந்து கழுத்தில் குத்தியது. அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.